யுபிஎஸ் இருக்கும்போது சர்வருக்குள் இன்னொரு பேட்டரி எதற்கு?

[காட்சி: மண்ணடி. மாடிப்படிக்குக் கீழே ஒரு சர்வர், மேலே பழைய ஃபைல் கட்டுகள்]

வணக்கம். துறைமுகத்தை நம்பி ஓடும் ஒரு கிளியரிங் ஆபீஸ் இது. ஒரு திங்கட்கிழமை காலையில் போன் வந்தது: "சார், ஒரு பில் சேவ் பண்ணினா சுத்திக்கிட்டே இருக்கு. சாஃப்ட்வேர்காரரைத் திட்டியும் பாத்துட்டோம்." அவர் பாவம். சர்வர் மூடியைக் கழற்றினால், பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ரெய்ட் கன்ட்ரோலர் கார்டின் மேல் உள்ளங்கையில் அடங்கும் ஒரு லித்தியம் பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது.

பேட்டரி உப்பினால் பில் ஏன் சுத்த வேண்டும்?

[காட்சி: காசிமேடு மீன் ஏலம், விடியற்காலை]

ஏலத்தில் ஒரு கூடை போனதும் கணக்கெழுதுகிறவர் பேரேட்டைத் திறக்கிறாரா? துண்டுச்சீட்டில் கிறுக்கிவிட்டு "ஆச்சு, அடுத்தது" என்கிறார். பேரேட்டில் ஏற்றுவது அப்புறம். கன்ட்ரோலரில் இருக்கும் கேஷ் மெமரிதான் அந்தத் துண்டுச்சீட்டு. (கல்லாப்பெட்டி கேஷ் இல்லை, இது வேறு.) டேட்டா இன்னும் டிஸ்க்குக்குப் போயிருக்காது, ஆனால் "எழுதியாச்சு" என்று சர்வருக்குச் சொல்லிவிடும். இதற்குப் பெயர் ரைட்-பேக். வேகம் இதில்தான் இருக்கிறது.

சீட்டு தண்ணீரில் விழுந்தால்? கேஷ் மெமரிக்குக் கரண்ட் போனால் அதிலிருப்பது அத்தனையும் போச்சு. அதைப் பிடித்து வைக்கத்தான் பேட்டரி. கரண்ட் திரும்பியதும் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதிவிடும். பேட்டரி சரியில்லை என்று தெரிந்தால் கன்ட்ரோலர் தானாகவே ரைட்-த்ரூவுக்கு மாறும்: ஒவ்வொரு கூடைக்கும் பேரேட்டைத் திறக்கும். பில் சுத்தியது அதனால்தான்.

யுபிஎஸ் இதைச் செய்யாதா? தெருவில் கரண்ட் போனால் சரி. சர்வரின் பவர் சப்ளை எரிந்தால்? பெருக்குகிறவர் துடைப்பம் பட்டு ஒயர் கழன்றால்? யுபிஎஸ் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், கேஷ் காலியாகியிருக்கும்.

இங்கே ஒரு விபரீதம் நடக்கும். மெதுவாக இருக்கிறதே என்று செட்டிங்கில் போய், பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட்-பேக் என்று யாராவது அழுத்திவிடுவார்கள். உடனே வேகம் வந்துவிடும், எல்லோரும் பாராட்டுவார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

பேட்டரி நன்றாக இருந்தாலும் அவ்வப்போது மெதுவாகலாம். பழைய வகை பேட்டரிகள் தங்கள் கொள்ளளவை அளக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போல முழுக்க இறங்கி ஏறும். லேர்ன் சைக்கிள் என்பார்கள். அது முடியும்வரை பெரும்பாலும் ரைட்-த்ரூதான். ஞாயிறு ராத்திரிக்குத் தள்ளி வையுங்கள்.

[காட்சி: மழை, இருட்டான தெரு]

நம்ம ஊருக்கு இன்னொரு சிக்கல். இந்த பேட்டரி புதிதாக இருக்கும்போதே கேஷைத் தாங்குவது 72 மணி நேரம் போலத்தான். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம்: இரண்டிலும் சென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதனால் வாய்ப்பிருந்தால் ஃபிளாஷ் வகைக்கு மாறச் சொல்வேன். அதில் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெப்பாசிட்டர். கரண்ட் போன அந்த நொடியில், சேர்த்து வைத்த சார்ஜை வைத்து கேஷை ஃபிளாஷ் சிப்பில் காப்பி செய்துவிட்டு ஓய்ந்துவிடும். அப்புறம் கரண்ட் ஒரு வாரம் வராவிட்டாலும் டேட்டா அங்கேயே இருக்கும்.

எதுவானாலும், டிஸ்க்குக்குள் இருக்கும் சொந்த கேஷுக்கு இதில் எதுவும் காவல் இல்லை. அதை அணைத்து வையுங்கள். தினசரி பேக்கப் தனி வேலை, அதை இது செய்யாது.

அந்த ஆபீஸில் பழைய கார்டுக்கு பேட்டரிதான் பொருந்தியது. மாற்றியதும் பில் சட்டென்று சேவ் ஆனது. அங்கிருந்த அக்கா மார்க்கரை எடுத்து, யுபிஎஸ் பேட்டரிக்குத் தண்ணி ஊற்றிய தேதிக்குக் கீழே சுவரில் இந்தத் தேதியையும் எழுதி வைத்தார்.