வீடு கிடைக்காத கோபம் யார் மேல் விழுகிறது?

வணக்கம் நேயர்களே.

2024 ஓகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தில் ரொதராம் பக்கம் ஒரு ஹோட்டல். உள்ளே அரசு தங்கவைத்திருந்த, அகதிக் கேஸ் போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த 200க்கும் மேற்பட்டவர்கள். வெளியே திரண்ட கூட்டம் பெரிய குப்பைத் தொட்டி ஒன்றைத் தள்ளி வந்து, கதவோடு சேர்த்து வைத்துத் தீ மூட்டியது. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தே மூட்டிய தீ அது.

அதற்கு ஆறு நாட்களுக்கு முன் இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரில் மூன்று சிறுமிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டிருந்தார்கள். கொன்றவன் படகில் வந்த அகதி என்று ஒரு பொய் பரவியது. அவன் பிறந்தது பிரிட்டனிலேயே, வேல்ஸின் கார்டிஃபில். அது தெரிய வந்த பிறகும் கலவரம் ஊர் ஊராகப் போனது.

பொய்யை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு எழும்பிப் போக முடியாது. வீடு கிடைக்காத கோபம் உண்மையானது. இங்கிலாந்தில் கவுன்சில் வீட்டுக்கான, அதாவது உள்ளூராட்சி குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் வீட்டுக்கான, காத்திருப்புப் பட்டியலில் 13 லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் நிற்கின்றன. பிள்ளைகளோடு ஒரே அறையில் வருடக்கணக்காக இருக்கும் ஒரு தாய்க்கு, பக்கத்து ஹோட்டலில் யாரோ வந்து இறங்குவதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். அதை இனவாதம் என்று நான் தள்ளிவிட மாட்டேன்.

சரி, அந்தத் தாய்க்கு வரவேண்டிய வீடு எங்கே போனது? 1980இல் பிரதமர் மார்கரெட் தட்சரின் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. கவுன்சில் வீட்டில் குடியிருப்பவர் அதைக் குறைந்த விலைக்கு வாங்கலாம். அப்படி விற்றுப்போனவை ஏறக்குறைய 20 லட்சம் வீடுகள். விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. கேஸ் நடக்கும்போது ஹோட்டலில் இருப்பவர் கவுன்சில் வீட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. முதல் ஒரு வருடம் வேலை செய்யவும் அனுமதியில்லை. சாப்பாடு அங்கேயே கொடுப்பதால் கைச்செலவுக்கு வாரம் பத்துப் பவுண்கூட வராது. அரசு கொட்டும் பெருந்தொகை ஒப்பந்தக்காரர்களுக்கும் ஹோட்டல் முதலாளிகளுக்கும் போகிறது.

இதை இங்குள்ள நம் தமிழர்களிடம் சொன்னால் சிலர் என்ன கதைக்கிறார்கள் தெரியுமா? "நாங்கள் முறையாக வந்தனாங்கள், இவர்கள் அப்படியில்லை" என்கிறார்கள். எனக்கு மனம் நொந்துபோகிறது. ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி, வேறொருவர் பாஸ்போர்ட்டில் வந்து இறங்கியவர்கள் நம் குடும்பங்களிலேயே எத்தனை பேர்? 1987 பெப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப் பார்த்தபோது, உடுப்பைக் களைந்துவிட்டு விமானத்தில் ஏற மறுத்தவர்கள் தமிழர்கள். அதே வருடம் ஹாரிச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலில் அகதிகளை அடைத்து வைத்தார்கள். அதிலும் நம்மவர்கள் பலர். ஒக்டோபர் 16 அதிகாலைப் புயலில் கட்டியிருந்த கயிறுகள் அறுந்து, ஆட்களோடு அந்தக் கப்பல் மணல் திட்டில் போய்த் தட்டியது. கடைசியில் அவர்களைக் கரைக்கு விடவேண்டி வந்தது. அன்றைக்கும் பத்திரிகைகள் 'போலி அகதிகள்' என்றுதான் எழுதின.

2024 கலவரத்துக்கே திரும்பி வருவோம். சவுத்போர்ட்டில் பள்ளிவாசல் சுவரைக் கூட்டம் இடித்த மறுநாளே, அந்த ஊர்க் கொத்தனார்கள் வந்து கூலி வாங்காமல் கட்டிக் கொடுத்தார்கள். அவர்களும் உழைத்துச் சாப்பிடும் சனம்தான்.

நம் கோவில் திருவிழாவுக்கும் பொங்கல் விழாவுக்கும் கவுன்சிலர்கள் வருகிறார்கள், பொன்னாடை போட்டுப் படம் எடுக்கிறோம். அடுத்த முறை வரும்போது ஒன்று கேளுங்கள்: இந்த வருடம் நம் பகுதியில் எத்தனை கவுன்சில் வீடு கட்டினீர்கள், எத்தனை விற்றீர்கள்? பக்கத்துத் தெரு வெள்ளைக்காரக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.