மூன்றாவது அறைக்கு எந்தக் கன்னம்?

நடுவர் அவர்களுக்கும் இரு அணியினருக்கும் எதிரே இருக்கும் உங்களுக்கும் வணக்கம். வணக்கத்தை நீட்டினால் நடுவர் கை மணிக்குப் போகும். விஷயத்துக்கு வருகிறேன்.

"இயேசுவின் கடினமான போதனைகள் அன்றாட வாழ்வுக்கு ஒத்துவரும்" என்பது எங்கள் கட்சி. "ஒத்தே வராது" என்பது எதிரணி. எனக்கு முன்னால் பேசிய கணிதப் பேராசிரியர் ஐயா ஒரே ஒரு கேள்வி கேட்டு, அரங்கத்தையே அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். "வலது கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டச் சொல்கிறார்கள். சரி, காட்டினேன். அங்கேயும் அறைந்துவிட்டான். மனிதனுக்குக் கன்னம் இரண்டுதான். மூன்றாவது அறைக்கு எதைக் காட்டுவது?"

நானே கைதட்டினேன். எங்கள் அணித் தலைவர் முறைத்த பிறகுதான் நிறுத்தினேன்.

ஐயா, கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். பயப்படாதீர்கள், அடிக்க மாட்டேன். நடுவரே, சாட்சிக்கு நீங்கள் இருக்கிறீர்கள். நான் ஐயாவுக்கு நேர் எதிரே நிற்கிறேன். என் வலது கையை இப்படி வீசினால் உள்ளங்கை எங்கே விழும்? அவருடைய இடது கன்னத்தில். வலது கன்னத்தில் விழ வேண்டும் என்றால்? கையைத் திருப்பிப் புறங்கையால் அடிக்க வேண்டும். இதோ, இப்படி. அது சண்டைக்காரன் அடிக்கிற அடி இல்லை, எஜமான் அடிமையை அடிக்கிற அடி. வலிக்க வேண்டும் என்பதைவிட, குறுக வேண்டும் என்பதற்காக அடிப்பது. மறு கன்னத்தைத் திருப்பிவிட்டால் அந்தப் புறங்கைக்கு வேலை இல்லை. "அடிப்பதானால் உனக்குச் சமமானவனை அடிக்கிற மாதிரி அடி" என்று வாய் திறக்காமல் சொல்லியாயிற்று. வேத அறிஞர்கள் சிலர் இப்படி விளக்குகிறார்கள். உட்காருங்கள் ஐயா, நன்றி. கன்னம் சிவக்காமல் போகிறீர்கள், பாருங்கள்.

இந்த விளக்கம் பிடிக்கவில்லையா? பைபிளில் யோவான் 18-ஆம் அதிகாரத்தைத் திறங்கள். பிரதான ஆசாரியனுடைய விசாரணையில் ஒரு சேவகன் இயேசுவை அறைகிறான். மறு கன்னத்தைக் காட்டினாரா? இல்லை. "நான் தவறாகப் பேசியிருந்தால் எது தவறு என்று சொல். சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய்?" என்ற பொருளில் கேட்டார். திருப்பி அடிக்கவில்லை, வாயை மூடிக்கொண்டும் நிற்கவில்லை. வீட்டில் தினம் அடிவாங்கும் பெண்ணிடம் போய் "மறு கன்னத்தைக் காட்டும்மா" என்று உபதேசம் செய்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசித்தால் நல்லது.

ஆக, மூன்றாவது அறைக்குக் கன்னம் வேண்டாம் ஐயா, அந்தக் கேள்வி போதும்.

என்ன நடுவரே, மணியைப் பார்க்கிறீர்கள்? கணித ஐயாவுக்கு ஒரு கணக்குக் கதை பாக்கி இருக்கிறது. என் நண்பர் ஒருவர். "எத்தனை தரம் மன்னிக்க வேண்டும், ஏழு தரமா?" என்று சீடர் பேதுரு கேட்க, "ஏழெழுபது தரம்" என்று இயேசு சொன்னார் அல்லவா? இவர் பெருக்கிப் பார்த்தார். 490. "நல்லவேளை, ஒரு வரம்பு இருக்கிறது" என்று அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிவிட்டார். யாருக்காக? அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரருக்காக. தேதி, குற்றம், எதிரே சிவப்பு மையில் "மன்னித்தேன்". "என் பேனாவை எடுத்தான், மன்னித்தேன்." "நான் செய்த வேலையைத் தான் செய்ததாகச் சொன்னான், மன்னித்தேன்." "என் ஜோக்குக்குச் சிரிக்கவில்லை, மன்னித்தேன்." 491 எப்போது வரும் என்று காத்திருக்கிறார்! சிலர் ஓய்வு பெறும் நாளுக்குக்கூட இப்படிக் காத்திருக்க மாட்டார்கள்.

ஒருநாள் நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்தால், பக்கத்து மேஜைக்காரர் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு பக்கமாக. விரலில் எச்சில் தொட்டு, நிதானமாக. நண்பருக்கு உயிரே இல்லை. மேஜைக்காரர் கடைசிப் பக்கம்வரை படித்தார், மூடினார், சொன்னார்: "தினம் மதியம் நீ உட்கார்ந்தபடியே தூங்குகிறாய். மேலதிகாரி வரும்போதெல்லாம் நான் இருமி எழுப்புகிறேன். அது இதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

பின்வரிசைக்குக் கேட்கவில்லை போல. மறுபடி சொல்கிறேன். அவர் இருமுகிறார்! இத்தனை வருஷமாக! நம் ஆள் அதையும் எழுதி வைத்திருக்கிறார்: "ஓயாமல் இருமித் தொல்லை கொடுக்கிறான், மன்னித்தேன்."

சிரியுங்கள், நானும் சிரித்தேன். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். "மன்னிக்கவே முடியாது, நடைமுறைக்கு ஒத்துவராது" என்று எதிரணி முழங்குகிறதே, அவர்களை எத்தனை பேர் நோட்டுப் போடாமல் மன்னித்துக்கொண்டிருக்கிறார்கள்! அந்த வசனத்துக்கு அடுத்தே இயேசு சொல்லும் கதையும் இதுதான். ஒருவனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன் தள்ளுபடி ஆகிறது. ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும், அதை அடைக்க 2 லட்சம் வருஷம் ஆகும். அவன் வெளியே வந்ததும் என்ன செய்தான்? தனக்கு நூறு வெள்ளிப்பணம், அதாவது நூறு நாள் கூலி, தர வேண்டியவனின் கழுத்தைப் பிடித்தான். கணக்கு நமக்குத் தெரியாமல் இல்லை ஐயா. நமக்கு வர வேண்டிய பக்கத்தை மட்டும்தான் எழுதுகிறோம்.

"பேனாவை மன்னிக்கலாம், கொலையை?" என்று அடுத்து வருகிறவர் கேட்பார். இதற்குத் தர்க்கம் என்னிடம் இல்லை. நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கோரி டென் பூம். நெதர்லாந்தில் கடிகாரம் பழுது பார்க்கும் குடும்பத்துப் பெண். நாஜிகளிடமிருந்து யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்தார்கள். 1944-இல் பிடிபட்டார்கள். வயதான அப்பா சில நாட்களில் காவலிலேயே இறந்துபோனார். அக்கா பெட்ஸி ஜெர்மனியில் ராவென்ஸ்ப்ரூக் என்ற நாஜி வதைமுகாமில் அந்த டிசம்பரில் இறந்தார். கோரி பிழைத்தார். 1947-இல் மியூனிக்கில் ஒரு தேவாலயத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேசி முடிக்கிறார். கூட்டத்திலிருந்து ஒருவன் வருகிறான். அந்த முகாமில் காவலாளியாக இருந்தவன். கோரிக்கு அவனைத் தெரிகிறது, அவனுக்கு இவரைத் தெரியவில்லை. தான் மனம் திரும்பிவிட்டதாகச் சொல்லி, "என்னை மன்னிப்பீர்களா?" என்று கையை நீட்டுகிறான்.

இப்போதுதான் மன்னிப்பைப் பற்றி மணியாகப் பேசி இறங்கியவர். கை எழவில்லை. கைப்பையைத் துழாவுகிறார். எதையோ தேடுகிறவர்போல. அக்காவின் மெலிந்த உடம்பு கண்முன் நிற்கிறது. "ஆண்டவரே, என்னால் கையை உயர்த்த முடியும், அதுவரைதான். மீதியை நீர் பார்த்துக்கொள்ளும்" என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு, மரக்கட்டை மாதிரி அந்தக் கையை நீட்டினார். நெஞ்சில் ஒன்றுமே இல்லாமல் நீட்டினார். பற்றிய பிறகுதான் மனம் இளகியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இதோ மணி. நடுவரே, முடித்துவிட்டேன். அந்தக் கை முதலில் எழவில்லை, அப்புறம் எழுந்தது. முதல் பாதியை எதிரணி எடுத்துக்கொள்ளட்டும். வணக்கம்.