முதலில் தேவாலயம், பிறகு ஆறு

வணக்கம் நேயர்களே. ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே, தேம்ஸ் ஆற்றுக்குப் பக்கத்தில் டோர்செஸ்டர் என்றொரு சிற்றூர். அங்கே கிளம்பி அங்கேயே வந்து சேரும் நடை சுமார் 8 கிலோமீட்டர். நிதானமாகப் போனால் மூன்று மணி நேரம்.

தேவாலயத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள். திரும்பி வரும்போது காலணியில் களிமண் அப்பியிருக்கும், குளிர்காலமென்றால் வெளிச்சமும் போயிருக்கும். அந்த வெளிச்சம் வேண்டும். டோர்செஸ்டர் ஆபி எனப்படும் இந்தத் தேவாலயத்தின் பேர்பெற்ற ஈசாய் ஜன்னல் வடக்குச் சுவரில் இருப்பதால் நேர் வெயில் விழாது. 14ஆம் நூற்றாண்டு வேலை. அடியில் பைபிளில் வரும் தாவீது ராஜாவின் தகப்பன் ஈசாய் படுத்திருக்கிறார். அவர் உடலிலிருந்து முளைக்கும் கல்மரமே ஜன்னலின் நடுத்தூணாகி இருபுறமும் கிளைவிடுகிறது. வம்சத்தாரில் சிலர் கிளைமேல் கற்சிற்பமாக, சிலர் இடையிலுள்ள கண்ணாடியில் ஓவியமாக. தள்ளி நின்றால் இதெல்லாம் தெரியாது. கிட்டப் போய் அண்ணாந்து பாருங்கள். ஞானஸ்நானத் தொட்டி 12ஆம் நூற்றாண்டில் ஈயத்தில் வார்த்தது. சுற்றிலும் இயேசுவின் சீடர்களான 11 அப்போஸ்தலர், அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கு இடமில்லை.

ஊருக்குத் தெற்கே டைக் ஹில்ஸ் என்ற இரட்டை மண்கரை, இரும்புக் காலத்து அரண். அதைத் தாண்டினால் டேஸ் லாக், படகுகளுக்கான மதகு. நீரோட்டம் கடுமையானால் மதகில் சிவப்புப் பலகை மாட்டுவார்கள். படகுக்காரர்களுக்கான எச்சரிக்கைதான், ஆனால் கரையோரப் புல்வெளி தாழ்வானது, அங்கும் தண்ணீர் ஏறியிருக்கலாம். அன்றைக்கு ஆற்றோரப் பாதை வேண்டாம்.

நடைபாலம் கடந்தால் லிட்டில் விட்டன்ஹாம் பேதுரு ஆலயம். கோபுரம் பழையது, மற்றதெல்லாம் 1863இல் திருப்பிக் கட்டியது. கோபுரத்தடியில், 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட ஆலிவர் குரோம்வெல்லின் அத்தை மேரியும் அவர் கணவரும் கல்லறைச் சிலைகளாக இருக்கிறார்கள்.

அடுத்து ரவுண்ட் ஹில், ஏறத்தாழ 70 மீட்டர் ஏற்றம். மழை பெய்த மறுநாள் புல் வழுக்கும். நேராக இறங்காமல் சாய்வாக இறங்குங்கள். உச்சியில் பீச் மரங்கள். காற்று பலமாக அடிக்கும்போது அவற்றின் அடியில் உட்கார வேண்டாம். பெரிய கிளையே முறிந்து விழும்.

திரும்பிப் பாலம் கடந்து, ஆறு ஓடும் திசையில் வலப்பக்கம் நடங்கள். மேய்ச்சல் நிலம் அது. கன்றோடு பசு நின்றால் விலகிச் சுற்றிப் போங்கள். நாயைக் கயிற்றில் பிடித்திருங்கள். மாடு துரத்தினால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் ஓடித் தப்பிக்கும்.

கொஞ்ச தூரத்தில் தேம் என்ற சிற்றாறு வந்து கலக்கிறது. இந்த இடத்துக்கு மேலே, ஆறு வரும் திசையிலுள்ள தேம்ஸுக்கு ஐசிஸ் என்றும் பெயர் உண்டு. பலர் வழி தவறுவது இங்கேதான். எதிரே தெரியும் சிறு பாலத்தில் ஏறினால் ஷில்லிங்ஃபோர்டு போய்விடுவீர்கள். ஏறாமல் இடப்பக்கம் திரும்பினால் டோர்செஸ்டர்.