தஸ்ராக்கில் ஒரு நாற்றுப்புரை

(காட்சி: பனை வரிசை, காற்றின் ஓசை)

வாளையாரைக் கடந்து பாலக்காட்டுக்குள் நுழைந்தால், மலைக் கணவாய் வழியே வரும் காற்று பனையோலைகளில் சலசலப்பதைக் கேட்கலாம். அந்தப் பனைகளின் ஊரான தஸ்ராக்கில், பழைய ஓட்டுவீடு ஒன்றை மலையாள எழுத்தாளர் ஓ. வி. விஜயனின் நினைவில்லமாகப் பாதுகாத்து வருகிறார்கள்.

எழுத்தாளரின் நினைவில்லம் என்றால் பிறந்த வீடாகவோ சொந்த வீடாகவோ இருக்கும் என்றுதான் நினைப்போம், இது இரண்டுமல்ல. 1956இல் விஜயனின் சகோதரிக்கு இவ்வூரின் ஓராசிரியர் பள்ளியில் வேலை கிடைத்தபோது, திருமணமாகாத மகளைத் தனியே விட மனமில்லாத பெற்றோர், இந்தச் சிறு வீட்டை வாடகைக்குப் பிடித்து உடன் வந்து தங்கினார்கள். கல்லூரி ஆசிரியர் வேலையை இழந்து நின்ற விஜயனும் இங்கேதான் வந்து சேர்ந்தார்.

(காட்சி: வீட்டின் முகப்பு)

மலையாளத்தில் இவ்வீட்டின் பெயர் ஞாற்றுப்புர. ஞாறு என்பது நம் நாற்று. புர என்பது, குமரி மாவட்டத்தார் புரையிடம் என்கிறார்களே, அந்தப் புரை, அதாவது வீடு. பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் பேசி வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு இச்சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வூரில் கண்ட மனிதர்களை வைத்துப் புரட்சிக் கதை ஒன்றை எழுத நினைத்திருந்த கம்யூனிஸ்டான விஜயனை, சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்த ஹங்கேரியின் கம்யூனிஸ்ட் பிரதமர் இம்ரே நாஜ் 1958இல் தூக்கிலிடப்பட்ட செய்தி உலுக்கியது. கதையின் போக்கே மாறிற்று. தஸ்ராக்கைக் கசாக் என்ற ஊராக்கி, பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி எழுதிய அந்நாவல் 1969இல் நூலாக வந்தது. யூமா வாசுகி தமிழில் 'கசாக்கின் இதிகாசம்' என்று மொழிபெயர்த்து, அதற்காக 2017ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றார்.

(காட்சி: சிற்பங்கள், பிறகு உள்ளறை)

இங்கே விஜயன் வரைந்த கார்ட்டூன்களும் அவருடைய புகைப்படங்களும் இருக்கின்றன. வெளியே நாவலின் மாந்தர்கள் கற்சிற்பங்களாக நிற்கிறார்கள். அவை எனக்குச் சற்று மிகையாகவே பட்டன. நாவலைப் படித்தவர் ஒவ்வொருவரும் மைமுனாவுக்கு ஒரு முகத்தை மனத்தில் வைத்திருக்கும்போது, கல்லில் இன்னொரு முகம் எதற்கு? குறுகலான அறைகளும் வயலிலிருந்து வரும் காற்றுமே போதும். ஊரின் பள்ளிவாசலையும் அரபிக்குளத்தையும் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள்.

போகும் வழியில், நாவலின் நினைப்பிலேயே இருந்த நான், டீக்கடையில் கசாக்குக்கு வழி கேட்டுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு ஊர்ப்பெயரைத் திருத்திச் சொல்வதற்குள், கடைக்காரர் டீ ஆற்றிய கையாலேயே தஸ்ராக் சாலையைக் காட்டிவிட்டார்.