உத்திக்கு ஆள் இல்லாத பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம். தொடக்கப்பள்ளியில் 31 ஆண்டுகள் பாடம் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில், உயிருக்குயிரான தோழி ஊர் மாறிப் போன பிறகு இங்கேயே தங்கிவிட்ட ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் இடமாறுதல் ஆணைகள் பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டியே வருகின்றன. பிள்ளைகளின் படிப்பு நடுவில் முறியக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்யப்படும் ஏற்பாடுதான் அது. ஆனால், அதனாலேயே பல பிள்ளைகள் ஒருவரிடம் ஒருவர் விடைபெறாமலே பிரிந்துவிடுகிறார்கள். முழு ஆண்டுத் தேர்வின் கடைசி நாளில் 'லீவு முடிஞ்சு பாக்கலாம்' என்று கையசைத்துப் போன இருவரில் ஒருத்தி ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் வருவதில்லை. அவள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போய்விட்டாள் என்பது, ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிக்கையில் அந்தப் பெயரைச் சொல்லாமல் தாண்டும்போதுதான் மற்றவளுக்குத் தெரியவருகிறது.

ஊர் மாறிப் போகும் பிள்ளைக்குப் புது வீடு, புது வகுப்பு என்று கவனத்தை இழுப்பவை பல இருக்கின்றன. புதிதாக வந்தவள் என்று நான்கு பேர் சூழ்ந்துகொள்ளவும் செய்வார்கள். தங்கிவிட்டவளுக்கோ அதே பெஞ்சு, அதே தண்ணீர்க் குழாய், அதே வேப்பமரத்தடி. அவள் பழைய பிள்ளை என்பதால் அவளுக்குத் துணை தேவை என்று யாருக்கும் தோன்றுவதில்லை. 'சின்னப் பிள்ளைதானே, நாலு நாளில் மறந்துவிடும்' என்று நாம் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மூன்று ஆண்டுத் தோழமை என்பது அதன் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு.

நம் ஊர்ப் பிள்ளைகள் அணி சேர்வதற்கு 'உத்தி பிரித்தல்' என்று ஒரு முறை வைத்திருப்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஏறக்குறைய ஒரே வலுவுள்ள இருவர் இருவராகத் தோளில் கை போட்டுத் தள்ளிப் போய், ஆளுக்கொரு இரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வந்து, 'கிளி வேணுமா, மைனா வேணுமா?' என்று இரு தலைவர்களிடமும் கேட்பார்கள். அதற்கு முதலில் ஓர் இணை வேண்டும். நான்காம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு சிறுமிக்குத் தோழியின் பிரிவு உண்மையில் உறைத்தது அந்த நேரத்தில்தான். எல்லோரும் இரண்டிரண்டாக நகர, அவள் மட்டும் சுவரோரம் நின்றாள்.

அப்போது நான் ஒரு தவறு செய்தேன். நன்றாகப் படிக்கும், அமைதியான மற்றொரு சிறுமியை அழைத்து அவள் பக்கத்தில் உட்காரவைத்து, 'இனிமேல் நீங்கள் இருவரும் தோழிகள்' என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி சொன்னேன். இருவரும் தலையாட்டினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, ஒரே பெஞ்சின் இரண்டு ஓரங்களிலும் ஒதுங்கி உட்கார்ந்து தனித்தனியே டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். காலியான இடத்தில் ஓர் ஆளை உட்காரவைக்கலாம் என்று நினைத்த எனக்கு, அந்த இடம் இன்னும் காலியாகவில்லை என்பது புரிந்திருக்கவில்லை.

பிள்ளைகள் ஒரு கூட்டத்துக்குள் எப்படி நுழைகிறார்கள் என்பதை அமெரிக்காவில் மார்த்தா புட்டலாஸ், ஜான் காட்மன் ஆகிய இருவரும் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆராய்ந்து 1981இல் வெளியிட்டார்கள். தன்னைப் பற்றிச் சொல்லிக் கவனத்தைத் தன் பக்கம் திருப்பும் பிள்ளையும், கேள்விகள் கேட்டு ஆட்டத்தை நிறுத்தும் பிள்ளையும், வந்தவுடன் மறுப்புச் சொல்லும் பிள்ளையும் பெரும்பாலும் விலக்கப்பட்டன. அங்கே நடப்பது என்னவென்று புரிந்துகொண்டு அதனோடு இசைந்து போன பிள்ளை எளிதில் சேர்ந்துகொண்டது. இதைப் படித்தபோது எனக்கு நம் 'உப்புக்குச் சப்பாணி' நினைவுக்கு வந்தது. இணை இல்லாமல் மிஞ்சும் பிள்ளையை நம் பிள்ளைகள் விரட்டுவதில்லை. கணக்கில் சேராத ஆளாக ஆட்டத்துக்குள் விடுகிறார்கள். பெரியவர்கள் இதை ஏளனமாகப் பேசுவதுண்டு. நானோ அதை ஒரு கருணையான வாசல் என்றே கருதுகிறேன். அவுட் ஆகிவிடுவோமோ என்ற அச்சமின்றி உடன் ஓடவும், ஆட்டத்தின் போக்கைக் கற்கவும், தன் முகம் மற்றவர்களுக்குப் பழகவும் அந்த இடம் உதவுகிறது. ஆகவே, 'போய்ச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேள்' என்று பிள்ளையைத் தள்ளாதீர்கள். பக்கத்தில் போய் நிற்கட்டும், பந்து வெளியே வந்தால் எடுத்துப் போடட்டும்.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வு, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருப்பதாகக் கணக்கிட்டது. அது பெரியவர்களிடம் எடுத்த கணக்கு. பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. என்றாலும், இடைவேளையும் மதிய உணவுமாக நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 50 மணி நேரம் சேர்வதற்கே பத்து வாரப் பள்ளி நாள்கள் வேண்டும். ஜூனில் பள்ளி திறந்தால் ஆகஸ்ட் நடுப்பகுதி ஆகிவிடும். 200 மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட ஒரு கல்வியாண்டு. இப்படியிருக்க, ஜூலை மாதமே 'இன்னும் யாரும் கிடைக்கவில்லையா?' என்று நாள்தோறும் மதிப்பெண் கேட்பதுபோலக் கேட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? 'இன்று யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய்?' என்று கேளுங்கள், போதும். அதில் ஒரே பெயர் இரண்டு மூன்று முறை வந்தால், அந்தப் பிள்ளையை ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பேசச் சொல்லி எதிரெதிரே உட்காரவைக்காமல் ஒரு பல்லாங்குழிப் பலகையை எடுத்துக் கொடுங்கள். ஆளுக்கு ஏழு குழி, கை நிறையப் புளியங்கொட்டை. கண்ணும் கையும் வேலையில் இருக்கும்போது பேச்சு தானே வரும். இரண்டு மணி நேரம் போதும், சலிப்புத் தட்டுவதற்கு முன் அனுப்பிவிடுங்கள்.

போன தோழியை மறக்கச் சொல்லவே கூடாது. முகம் பார்க்காமலே நட்புக் கொண்டிருந்த கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் நாம் போற்றுகிறோம், ஆனால் அது முதிர்ந்தவர்களின் நட்பு. சின்னப் பிள்ளைகளின் நட்பு சேர்ந்து செய்வதில் வாழ்கிறது. அதனால்தான் கைப்பேசியில் முகம் காட்டியவுடன் 'சாப்பிட்டியா?' என்பதற்கு மேல் பேச்சு வராமல் இருவரும் விழிக்கிறார்கள். அன்பு குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. விடுகதை போடச் சொல்லுங்கள், இருவரும் ஒரே படத்தை வரையச் சொல்லுங்கள். அஞ்சலட்டை இன்னும் தபால் நிலையத்தில் கிடைக்கிறது. வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் கெட்டு, காலைதோறும் வயிற்று வலி என்று பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தால் மட்டும், ஆசிரியரையும் மருத்துவரையும் தயங்காமல் பாருங்கள்.

நான் சொன்ன சிறுமி சில வாரங்கள் உப்புக்குச் சப்பாணியாகவே ஆடினாள். காலாண்டுத் தேர்வு முடிந்த ஒரு மாலையில், நான் கூட்டிவைத்த சிறுமி அல்லாத, நான் சற்றும் எதிர்பாராத ஒரு வாயாடிப் பெண்ணின் தோளில் கை போட்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போனாள். பழைய தோழியோடு எப்போதும் கிளி, மைனா என்றுதான் வருவாள். அன்று திரும்பி வந்து, 'தங்கம் வேணுமா, வெள்ளி வேணுமா?' என்று கேட்டாள். கிளியையும் மைனாவையும் அதன் பிறகு அவள் வேறு யாரோடும் வைத்துக்கொண்டதை நான் கேட்டதில்லை.

வணக்கம்.