அந்த ‘வீண் ஓட்டு’க்காகத்தான் ஒபாமாவே அட்லாண்டாவுக்கு வந்தாரு!

நடுவர் ஐயாவுக்கும், ரெண்டு அணி நண்பர்களுக்கும், பொங்கல் பந்தி தயாரா இருந்தும் எங்களுக்காக உட்கார்ந்திருக்கிற அட்லாண்டா தமிழ் மக்களுக்கும் வணக்கம். நேரம் கம்மி, நேரா வந்துடறேன்.

அமெரிக்காவில டெமாக்ரட், ரிபப்ளிகன் ரெண்டு பெரிய கட்சியையும் விட்டுட்டு, அரசாங்கம் மனுஷன் வாழ்க்கையில ரொம்பத் தலையிடக் கூடாதுங்கற லிபர்டேரியன் கட்சி மாதிரி மூணாவது கட்சிக்கு ஓட்டுப் போடற இளைஞர்கள் ஓட்டை வீணடிக்கிறாங்களா, நாட்டை நகர்த்தறாங்களா? நகர்த்தறாங்கன்னு சொல்ல வந்தவங்க நாங்க. குறிப்பெல்லாம் எழுதிக் கொண்டுவந்திருக்கேன். ஆனா எனக்கு முன்னாடி பேசின எதிரணித் தம்பி ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுட்டுப் போயிருக்காரு. அதுக்குப் பதில் சொல்லாம என்னால அடுத்த வரிக்குப் போக முடியாது.

என்ன சொன்னாரு? "ஹோட்டல்ல இட்லி, தோசை ரெண்டுதான் இருக்குன்னு சர்வர் சொல்லிட்டாரு. அப்பா இட்லி சாப்பிடறாரு, அம்மா தோசை சாப்பிடறாங்க. காலேஜ் படிக்கிற பையன் மட்டும் எனக்கு இடியாப்பம்தான் வேணும்னு அடம் பிடிச்சுப் பட்டினியா வீட்டுக்குப் போறான். அவன்தாங்க லிபர்டேரியன்!" மண்டபமே கைதட்டிச்சு. எங்க வீட்டுக்காரரும் தட்டினாரு, நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்.

தம்பி, பதிலை நீங்களே கையில குடுத்துட்டீங்களேப்பா. இட்லிக்கும் தோசைக்கும் ஒரே மாவு!

2001-ல பேட்ரியாட் சட்டம் வந்துச்சு. போனையும் மெயிலையும் அரசாங்கம் உளவு பார்க்க வழி திறந்துவிட்ட சட்டம். செனட்ல, அதான் மேல்சபையில, ஆதரவு எத்தனை? 98. எதிர்ப்பு? ஒண்ணே ஒண்ணு! 2002-ல ஈராக் போருக்கு அனுமதி, 77-க்கு 23. ரெண்டு கட்சியும் சேர்ந்துதான் கை தூக்கிச்சு. 2008-ல சூதாடித் தோத்த வங்கிகளைத் தூக்கிவிட 70,000 கோடி டாலர். அதையும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் நிறைவேத்தினாங்க. ஒருத்தர் ஆவியில வேகவெச்சாங்க, ஒருத்தர் கல்லுல வார்த்தாங்க. மாவு ஒண்ணு. இந்த மாவே எனக்கு வேணாம்னு ஒரு பையன் சொன்னா அது அடமா?

சரி, அந்த மெனு கார்டை எழுதினது யாரு? முன்னாடி அதிபர் வேட்பாளர் விவாதங்களை மகளிர் வாக்காளர் சங்கம் நடத்திட்டு இருந்துச்சு. 1987-ல ரெண்டு கட்சித் தலைவர்களும் சேர்ந்து உட்கார்ந்து, விவாதத்துக்குன்னு தனியா ஒரு கமிஷனை உண்டாக்கினாங்க. 1992-ல ராஸ் பெரோன்னு ஒரு தொழிலதிபர் சுயேச்சையா நின்னாரு. அவரை மேடையில ஏத்தினாங்க. கிட்டத்தட்ட 19 சதவீதம், 1 கோடியே 97 லட்சம் ஓட்டு வாங்கினாரு. அவ்வளவு ஓட்டு வாங்கியும், ஒரு மாநிலத்துல முதல்ல வந்தவருக்குப் போற, அதிபரை முடிவு பண்ற தேர்வாளர் ஓட்டு பூஜ்யம்! 1996-ல அதே மனுஷன் திரும்பி வந்தாரு, மேடையிலேயே ஏத்தல. 2000-லேருந்து ஒரு விதி: கருத்துக்கணிப்புல 15 சதவீதம் இருந்தாத்தான் விவாதத்துக்கு வரலாம். டிவியில காட்டினாத்தானே 15 வரும்? 15 வந்தாத்தான் டிவியில காட்டுவாங்களாம்! 2024-ல அந்தக் கமிஷனை ஓரங்கட்டிட்டு சிஎன்என் தனியா விவாதம் நடத்துச்சு. அங்கேயும் அதே 15. சமையல்காரங்க ரெண்டு பேரும் சேர்ந்து மெனுவை எழுதிட்டு, இடியாப்பம் கேட்டவனைப் பார்த்துச் சிரிக்கிறாங்க.

தம்பி, இடியாப்பம் கிடைக்கிற ஊரும் இதே அமெரிக்காவில இருக்கு. மெய்ன் மாநிலத்துக்குப் போங்க, அலாஸ்காவுக்குப் போங்க. அங்க ஓட்டுச்சீட்டுல வரிசை போடலாம். முதல்ல இடியாப்பம், அது இல்லேன்னா தோசை, அதுவும் இல்லேன்னா இட்லி. இடியாப்பத்துக்கு ஆள் சேரலையா, உங்க ஓட்டு தானா தோசைக்குப் போயிடும். யாரும் பட்டினி இல்ல! இந்தப் பசங்க நாடு முழுக்க இதைத்தான் கேக்கறாங்க.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். நம்ம ஜார்ஜியா.

2022 நவம்பர், செனட் தேர்தல். டெமாக்ரட் வார்னாக், ரிபப்ளிகன் வாக்கர். என் மகனுக்கு முதல் ஓட்டு. ராத்திரிச் சாப்பாட்டுல அவங்க அப்பா கேட்டாரு, "யாருக்குடா போடப் போற, வார்னாக்குக்கா, வாக்கருக்கா?" "சேஸ் ஆலிவருக்குப்பா." "அது யாருடா?" "லிபர்டேரியன்." அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரர் ரசத்தைக் கீழ வெச்சாரு. "நாங்க எத்தனை வருஷம் விசாவுல நின்னு, கிரீன் கார்டுக்குக் காத்திருந்து, கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணி இந்த ஓட்டை வாங்கினோம். அதைக் கொண்டுபோய்க் குப்பையில போடறியேடா!" பையன் ஒரு வார்த்தை பேசல. தட்டைக் கழுவி வெச்சுட்டு மாடிக்குப் போயிட்டான். மறுநாள் போய் ஆலிவருக்கே போட்டுட்டு வந்துட்டான்.

எண்ணி முடிச்சாங்க. வார்னாக் 49.4 சதவீதம். வாக்கர் 48.5. நம்ம பையன் போட்ட ஆலிவர் 2.1. "பார்த்தியா, வெறும் ரெண்டு சதவீதம்!"னாரு அவங்க அப்பா. ஆனா ஜார்ஜியாச் சட்டம் என்ன சொல்லுது? பாதிக்கு மேல வாங்கினாத்தான் ஜெயிப்பு. ரெண்டு பேரும் வாங்கல! அந்த 2.1 குறுக்க நிக்குது. டிசம்பர் 6-ம் தேதி முதல் ரெண்டு பேருக்கு மட்டும் மறுபடியும் தேர்தல்.

அதுக்கப்புறம் என் வீட்டு வாசல்ல நடந்ததைக் கேளுங்க. சாம்பாருக்குப் புளி கரைச்சுட்டு இருக்கேன், காலிங் பெல். நீலச் சட்டை போட்ட ஒரு பொண்ணு, வார்னாக் ஆளு. "உங்க மகன் இருக்காரா? அவரோட ஓட்டு ரொம்ப முக்கியம்." தாளிக்கிறேன், காலிங் பெல். சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெரியவர், வாக்கர் ஆளு. "உங்க மகன் இருக்காரா? இந்த நாட்டோட எதிர்காலமே அவர் கையிலதான் இருக்கு." நடுவர் ஐயா, எங்க வீட்டுல துணி மடிக்கவே நாலு தடவை கூப்பிட்டாத்தான் வருவான். நாட்டோட எதிர்காலம் அவன் கையிலயாம்! தபால் பெட்டியைத் திறந்தா வார்னாக். டிவியைப் போட்டா வாக்கர். போனை எடுத்தா வாஷிங்டன்லேருந்து யாரோ. மறுபடியும் பெல்! இந்தத் தடவை திறந்தது எங்க வீட்டுக்காரர். அந்த நீலச் சட்டைப் பொண்ணு திரும்ப வந்து நிக்குது, அதே கேள்வி: "உங்க மகன் இருக்காரா?" இவரு, "நான் இருக்கேனே, என்கிட்ட சொல்லும்மா"ங்கறாரு. "சார், நீங்க கண்டிப்பா ஓட்டுப் போடுவீங்கன்னு எங்களுக்குத் தெரியும். உங்க மகன்தான் வருவாரான்னு தெரியணும்"னுச்சு அந்தப் பொண்ணு!

டிசம்பர் 1-ம் தேதி, நம்ம அட்லாண்டாவுக்கே, பராக் ஒபாமா வந்து வார்னாக்குக்காக மேடை ஏறினாரு. என் மகன் சோபாவுல உட்கார்ந்து டிவி பார்க்கறான். மெதுவாத் திரும்பி அவங்க அப்பாகிட்ட கேட்டான்: "அப்பா, குப்பையில போட்ட ஓட்டுன்னீங்களே. அதைத் தேடிக்கிட்டு எதுக்குப்பா ஒபாமா வந்திருக்காரு?"

இப்பத் தட்டுங்க கை! எங்க வீட்டுக்காரரும் தட்டறாரு பாருங்க.

இது ஏதோ ஒரு தடவை நடந்த அதிசயம்னு நினைக்காதீங்க. 2020-லயும் இதே ஜார்ஜியா. செனட் தேர்தல்ல ரிபப்ளிகன் பெர்டூ 49.7 சதவீதத்துல நின்னுட்டாரு. லிபர்டேரியன் ஷேன் ஹேசல் வாங்கினது 2.3. மறுதேர்தல்ல பெர்டூ தோத்தாரு, டெமாக்ரட் ஆசோஃப் ஜெயிச்சாரு. பக்கத்து இடத்துல வார்னாக்கும் ஜெயிச்சாரு. அமெரிக்க செனட்டே கை மாறிச்சு. அப்புறம் 2024 மே மாசம், லிபர்டேரியன் கட்சி மாநாட்டுக்கு டொனால்ட் ட்ரம்ப் நேர்லயே வந்து ஆதரவு கேட்டாரு. கூட்டம் கூச்சல் போட்டுச்சு, ஆனாலும் நின்னு கேட்டாரு. வீணாப்போற ஓட்டை யாருங்க வாசல் தேடி வந்து கேப்பாங்க?

எதிரணியில இன்னொருத்தர் பசுமைக் கட்சி வேட்பாளர் ரால்ஃப் நேடரைக் குத்தவாளிக் கூண்டுல ஏத்தினாரு. 2000 அதிபர் தேர்தல்ல ஃப்ளோரிடாவில புஷ் ஜெயிச்சது 537 ஓட்டுல, அங்க நேடர் பிரிச்சது 97,000-க்கு மேலன்னாரு. கணக்கு சரி. ஆனா புஷ்ஷை எதிர்த்து நின்ன அல் கோர் தன் சொந்த மாநிலம் டென்னசியிலயே தோத்தாரே, அதைச் சொன்னாரா? அங்க 11 தேர்வாளர் ஓட்டு. சொந்த ஊர்க்காரங்க கைவிடாம இருந்திருந்தா ஃப்ளோரிடாவைப் பத்தி யாரும் பேசியே இருக்க மாட்டாங்க. ஊர் கைவிட்டதுக்குப் பசங்க மேலயா பழி?

அந்த ஓட்டால எது நகர்ந்துச்சுன்னு கேட்டாங்க. சொல்றேன். 1972-ல லிபர்டேரியன் கட்சிக்கு முதல் அதிபர் தேர்தல். கட்சி பிறந்து ஒரு வருஷம்கூட முழுசா ஆகல. அதிபர் வேட்பாளர் ஜான் ஹாஸ்பர்ஸ், தத்துவப் பேராசிரியர். துணை அதிபர் வேட்பாளர் டோனி நேதன், ஆரிகன் மாநிலத்துப் பெண். ஓட்டுச்சீட்டுல பேர் வந்தது கொலராடோ, வாஷிங்டன்னு ரெண்டே மாநிலத்துல. வாங்கின ஓட்டு? நாலாயிரம்கூட இல்ல! அந்தப் பக்கம் நிக்ஸன் 49 மாநிலத்துல ஜெயிச்சு நிக்கறாரு.

டிசம்பர்ல தேர்வாளர்கள் கூடினாங்க. விர்ஜீனியாவில ரோஜர் மெக்பிரைடுன்னு ஒருத்தர், நிக்ஸன் கட்சி நிறுத்தின தேர்வாளர். நிக்ஸனுக்குப் போட வேண்டியவர். அவர் தன் சீட்டுல ஹாஸ்பர்ஸ் பேரையும் டோனி நேதன் பேரையும் எழுதிட்டாரு! அந்த ஒரு சீட்டால, அமெரிக்க வரலாற்றிலேயே தேர்வாளர் ஓட்டு வாங்கின முதல் பெண் ஆனாங்க டோனி நேதன். பெரிய கட்சி ஒண்ணு துணை அதிபர் பதவிக்கு ஒரு பெண்ணை நிறுத்தினது 1984-ல, ஜெரால்டின் ஃபெராரோ. ஒரு பெண் அந்தப் பதவியில உட்கார்ந்தது 2021-ல. யாரு? நம்ம ஷியாமளா கோபாலனோட பொண்ணு, துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ்! அன்னிக்கு இந்த மண்டபத்துல எத்தனை பேர் அழுதீங்க! அந்த வரிசையில முதல் ஓட்டு, நாலாயிரம் ஓட்டுகூட வாங்காத ஒரு கட்சியோட பெண்ணுக்கு விழுந்த ஓட்டு.

என் மகன் சொல்றதெல்லாம் எனக்கு ஒப்புதல்னு நினைச்சுடாதீங்க. வருமான வரியே கூடாதுங்கறான். மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வை இழுத்து மூடுங்கறான். லிபர்டேரியன் கொள்கை பேசற ரான் பால்ங்கறவர் பேச்சை விழுந்து விழுந்து கேக்கறான். ஆயிரக்கணக்கான பிரசவம் பார்த்த டாக்டர், 2012-ல அவருக்கு 76 வயசு, அயோவா மாநிலத்துல ரிபப்ளிகன் கட்சி வேட்பாளர் தேர்வுல ஓட்டுப் போட்ட 30 வயசுக்குக் கீழ இருந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் அவருக்குத்தான் போட்டாங்க. நானும் இவனும் பள்ளிக்கூடத்துக்கு வரிப்பணம் வேணுமா வேணாமான்னு விடிய விடியச் சண்டை போட்டிருக்கோம். ஆனா ஒண்ணு சொல்றேன், இங்க இருக்கிற தாய்மார்கள் கேளுங்க.

1971-ல ரெண்டு விஷயம் நடந்துச்சு. ஜூலையில ஓட்டுரிமை வயசு 21-லேருந்து 18-க்கு இறங்குச்சு. டிசம்பர்ல இந்தக் கட்சி பிறந்துச்சு. ஏன் 18? வியட்நாம். 18 வயசுப் பிள்ளையைக் கட்டாயமாப் பட்டாளத்துக்கு இழுத்துட்டுப் போனாங்க. அந்தப் போர் வேணுமான்னு சொல்ல அவனுக்கு ஓட்டு இல்ல. வாஷிங்டன்ல அந்தக் கறுப்புக் கல் சுவரை நீங்க எல்லாரும் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்திருப்பீங்க. அந்தப் போர்ல செத்தவங்க பேர், 58,000-க்கு மேல. ஒவ்வொரு பேரும் ஒரு தாய் கூப்பிட்ட பேர்.

கட்டாய ஆள்சேர்ப்பு 1973-ல நின்னுச்சு. ஆனா பேர் பதியறது 1980-ல திரும்பி வந்து, இன்னிக்கும் இருக்கு. 18 ஆனா ஒவ்வொரு பையன் பேரும் செலக்டிவ் சர்வீஸ்ங்கற அந்தப் பட்டாளப் பட்டியல்ல ஏறணும். குடியுரிமை வேணும்னுகூட இல்ல, கிரீன் கார்டு இருந்தாலே போதும். உங்கள்ல பல பேர் வீட்டுக்கு அந்தத் தபால் வந்திருக்கும். என் வீட்டுக்கும் வந்துச்சு. அவன் பேர் முழுசா, எங்க அப்பா பேரை நடுவுல வெச்சுக் கூப்பிட்ட அந்தப் பேர், அரசாங்கத் தாள்ல. "சும்மா ஒரு சம்பிரதாயம்"னாரு வீட்டுக்காரர். எனக்குக் கை நடுங்குச்சு. பால் குடிக்க மாட்டேன்னு ஓடின பிள்ளை, இடி இடிச்சா என் புடவைக்குள்ள வந்து ஒளிஞ்ச பிள்ளை, அவன் பேர் எதுக்குய்யா அந்தப் பட்டியல்ல?

அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான், "அம்மா, இந்தப் பட்டியலே வேணாம்னு சொல்ற கட்சிதாம்மா நான் சொல்ற கட்சி. ஈராக் போரை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்தாம்மா ஆலிவர். எனக்காக மட்டும் இல்ல, என்கூடப் படிச்ச எல்லாருக்காகவும்தான் போட்டேன்."

நடுவர் ஐயா, நீங்களும் பிள்ளை பெத்தவர். தீர்ப்பை எந்தப் பக்கம் வேணும்னாலும் சொல்லுங்க, தலை வணங்கி ஏத்துக்கறேன். அதோ மூணாவது வரிசையில, நீலக் குர்தா போட்டு உட்கார்ந்திருக்கானே, அவனைப் பார்த்து மட்டும் "ஓட்டை வீணடிச்சுட்டே"ன்னு சொல்லிடாதீங்க.

நன்றி, வணக்கம்.