கர்த்தரும் கடவுளும்

நேயர்களுக்கு வணக்கம். நெல்லைப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயில் வாசலில் இருவர் சந்தித்தால் ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்லிக்கொள்வார்கள். அதே இருவர் பேருந்து நிறுத்தத்தில் பார்த்துக்கொண்டால் ‘வணக்கம்’தான். ஒரே வாயில் இப்படி இரண்டு தமிழ் குடியிருப்பதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு மொழிபெயர்த்த, பைபிளின் பிற்பகுதியாகிய புதிய ஏற்பாடு 1715இல் முழுமையாக அச்சேறியது. இறைவனை எந்தச் சொல்லால் அழைப்பது என்ற கேள்வி அன்றுதொட்டுத் தமிழ்க் கிறிஸ்தவர்களை விட்டபாடில்லை. அந்த நூற்றாண்டிலேயே பின்னால் வந்து பைபிளை மொழிபெயர்த்த பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்று எழுதினார். தாயுமானவரின் பராபரக்கண்ணியைப் பாடிப் பழகிய செவிகளுக்கு அது அந்நியமான சொல் அன்று. 1871இல் ஹென்றி பவர் குழுவினரின் பதிப்பு ‘தேவன்’ என்றும் ‘கர்த்தர்’ என்றும் நிலைநிறுத்தியது. முப்பத்து முக்கோடி தேவர்கள் என்று கேட்டு வளர்ந்த நாட்டில், ‘தேவன்’ என்ற சொல் ஒருவரை மட்டும் குறிக்குமா என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, தொல்காப்பியம் ஆண்ட ‘கடவுள்’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டது. தமிழாசிரியனாகிய எனக்கு அதில் பெருமகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சியோடுதான், என் தாயார் படுக்கையில் கிடந்த நாட்களில், புதிய மொழிபெயர்ப்பிலிருந்து பைபிளின் துதிப்பாடல்களில் ஒன்றான இருபத்து மூன்றாம் சங்கீதத்தை வாசித்தேன்: “ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை.” துணைக்கு வந்திருந்த, நாங்கள் அத்தை என்றே அழைக்கும் பக்கத்துச் சைவ வீட்டு அம்மையார், “ஒரு கொறையும் இல்லன்னுதான நாங்களும் சொல்லுவோம்” என்று தலையசைத்தார். ஒரு மொழிபெயர்ப்புக்கு இதைவிட நல்ல மதிப்புரை கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா கண்ணைத் திறக்காமலே, “நல்லாத்தான் இருக்கு. இனி நம்ம சங்கீதத்த வாசி” என்றார்.

“கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” என்று பழைய மொழிபெயர்ப்பிலிருந்து தொடங்கினேன். ‘தாழ்ச்சியடையேன்’ என்று எந்தத் தமிழரும் அன்றாடம் பேசுவதில்லை. வகுப்பில் ஒரு மாணவர் எழுதியிருந்தால் இது புத்தகத் தமிழ் என்று திருத்தியிருப்பேன். ஆனால் அம்மாவின் உதடுகள் எனக்கு முன்னால் ஓடின. அப்பாவுக்கு வேலை போன ஆண்டில், சங்கிலியை அடகு வைத்துவிட்டு வந்த மாலையில், அடுப்படியில் அரிசி களைந்துகொண்டே அவர் முணுமுணுத்ததும் இந்தச் சொல்லைத்தான்.